தும்மலுக்குப் பழி ரோஜா நிற மரத்தின் மேலா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. திருநெல்வேலியில் இருந்தவரை சளி பிடித்தால் நாலைந்து நாளில் போய்விடும். பெங்களூரு வந்து நான்கு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் ஒன்றுமில்லை. போன வருடமும் இந்த வருடமும் செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்து டிசம்பர் வரை, காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துப் பதினைந்து தும்மல், குழாயைத் திறந்துவிட்டாற்போல் மூக்கிலிருந்து தண்ணீர், கண்ணில் அரிப்பு. பிப்ரவரி, மார்ச்சில் இன்னொரு சுற்று. வாசலில் நிற்கும் ரோஜா நிறப் பூ மரம்தான் காரணம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார், வெட்டவும் ஆள் பார்த்துவிட்டார். மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரை தூக்கம் தள்ளுகிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்ப்ரேயில் 'ஸ்டீராய்டு' என்று படித்ததும் பயந்து, பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிட்டீர்கள். 'இதன் அறிகுறிகள் என்ன, நிவாரணம் என்ன' என்பது நீங்கள் எழுதிய கேள்வி. அதற்கு அடியில் இன்னும் இரண்டு இருப்பதாக எனக்குப் படுகிறது: காலம் பூரா மாத்திரையோடுதான் ஓட்ட வேண்டுமா, அந்த ஸ்ப்ரேயை அடிக்கலாமா கூடாதா?

நான் காது மூக்கு தொண்டை மருத்துவன். இதே ஊரில் பதினெட்டு வருடமாக அடுத்தவர் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் மூக்கைப் பார்க்கவில்லை. அதனால் கீழே எழுதுவது நீங்கள் சொன்ன கதையை வைத்துத்தான். நல்ல வேளையாக, இந்த நோயில் முக்கால்வாசி முடிவு கதையிலேயே கிடைத்துவிடும்.

முதலில் சளியா, ஒவ்வாமையா என்பது. என் மேசைக்கு எதிரே உட்காருகிறவரிடம் நான் முதலில் கேட்பது அரிப்பைப் பற்றி. மூக்குக்குள் அரிப்பு, கண்ணின் மூக்கோர மூலையில் அரிப்பு, மேல் அண்ணத்தில் நாக்கால் தேய்த்துக்கொள்ளத் தோன்றும் ஓர் அரிப்பு, சிலருக்குக் காதுக்குள்ளும். வைரஸ் சளியில் இந்த அரிப்பு இருக்காது, அல்லது பெயருக்கு இருக்கும். சளியில் தொண்டை வலி, உடம்பு வலி, லேசான காய்ச்சல் இருக்கும், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். ஒவ்வாமையில் காய்ச்சல் வராது, தும்மல் ஒன்றிரண்டோடு நிற்காமல் அடுக்காக வரும், ஒழுகுவது தண்ணீர் மாதிரி இருக்கும், வாரக்கணக்கில் நீளும், அடுத்த வருடம் அதே மாதம் திரும்ப வரும். உங்கள் கதையில் இவை எல்லாமே இருக்கின்றன. கூடவே வருபவை: மூக்கடைப்பு, வாசனை மட்டுப்படுவது, தொண்டைக்குப் பின்னால் சளி இறங்கி வரும் வறட்டு இருமல், சரியாகத் தூங்காததால் பகல் முழுக்க ஓர் அசதி. அந்த அசதியை யாரும் நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. குழந்தைகள் உள்ளங்கையால் மூக்கு நுனியை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் 'மூக்கொழுகி' என்று பெயர் வாங்கிய பாதிப் பேர் இந்தக் கூட்டம்தான் என்று நினைக்கிறேன்.

முதல் இரண்டு வருடம் ஏன் ஒன்றும் வரவில்லை? பலரைக் குழப்புவது இதுதான், உண்மையில் ஒவ்வாமைக்கு இதுவே நல்ல சாட்சி. பிறந்ததிலிருந்து பழக்கமில்லாத ஒரு மகரந்தத்தை உடம்பு முதன்முதலில் சந்திக்கும்போது சண்டை போடாது. ஒன்றிரண்டு பருவங்கள் சுவாசித்து, அதற்கென்று ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து, மூக்குச் சவ்வில் காவல் நிற்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களின் மேல் பதித்து வைத்துக்கொள்ளும். அடுத்த பருவத்தில் அதே மகரந்தம் வந்து உட்கார்ந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். சில நிமிடங்களில் அரிப்பு, தும்மல், ஒழுகல். சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை: வேறு வெள்ளணுக்கள் வந்து சேர்ந்து சவ்வு வீங்கி மூக்கை அடைக்கும். இந்த இரண்டு அலைகளையும் மனதில் வையுங்கள். எந்த மருந்து எதற்கு வேலை செய்யும் என்பது இதை வைத்துத்தான்.

இனி அந்த மரம். நீங்கள் வர்ணித்தது டபேபுயா, தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. லால்பாக் தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த க்ரும்பீகல் என்ற ஜெர்மானியர், ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் இன்னொன்று பூக்கிற மாதிரி இந்த நகரத்துக்கு மரங்களைத் தேர்ந்தெடுத்தார். விளைவு, எந்த மாதம் தும்மினாலும் கை நீட்ட எதிரே ஒரு பூமரம் நிற்கும். கண்ணைக் கவரும் பூக்கள் பொதுவாக வண்டுக்கும் தேனீக்கும் வாசல் திறந்து வைத்தவை. அவற்றின் மகரந்தம் கனமாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும், பூச்சியின் காலில் ஒட்டிக்கொண்டு போகும், காற்றில் அதிகம் மிதக்காது. மூக்கைத் தொல்லை செய்வது பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்க்காத, பூவென்றே தெரியாத பூக்கள். தவிர உங்கள் பெரிய சுற்று செப்டம்பர் கடைசியில் ஆரம்பிக்கிறது. அந்தச் சமயத்தில் அந்த மரத்தில் இலை மட்டும்தானே இருந்திருக்கும்? சம்பவம் நடந்தபோது ஊரில் இல்லாதவனைப் பிடித்து உள்ளே போடுகிறோம்.

என் சந்தேகம் வேறு பக்கம். வீட்டை ஒட்டி காலி மனை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தென்மேற்கு மழை முடியும் தறுவாயில் அங்கே இடுப்புயரம் வளர்ந்து, வெள்ளைப் பொடிப்பூவாகத் தலை நிறைய வைத்திருக்கும் செடி பார்த்தீனியம். இங்கே 'காங்கிரஸ் கிட' என்பார்கள். அமெரிக்கக் கண்டத்துக் களை. 1950-களின் நடுவில் புனேயில் கவனிக்கப்பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவியது. அதன் மகரந்தம் மூக்கு ஒவ்வாமை தருவது பெங்களூரு நோயாளிகளிடமே ஆராயப்பட்டு எழுதப்பட்டிருக்கிறது. சிலருக்குச் செடி பட்டாலே தோலும் புண்ணாகும். அதே மாதங்களில் புற்களும் பூக்கும். பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல் இருக்கிறதே, அதுதான் வெளிநாட்டு ஒவ்வாமைப் பட்டியல்களில் பெர்முடா புல் என்ற பெயரில் எப்போதும் வருவது. மாலையாகக் கட்டிய புல்லால் ஒன்றுமில்லை, கதிர் விட்டு நிற்கும் புல்லால்தான். பிப்ரவரி, மார்ச் சுற்றைப் பற்றி இவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன். சவுக்கு போன்ற காற்றை நம்பிப் பூக்கும் மரங்கள் இருக்கலாம். வறண்ட காற்றும் வண்டிப் புகையும் கட்டடத் தூசியும், ஏற்கெனவே கோபத்தில் இருக்கும் மூக்கைச் சீண்டுவதாகவும் இருக்கலாம். வருடம் முழுக்கத் தினமும் காலையில் மட்டும் தும்முகிறவர் என்றால் படுக்கையில் வாழும் தூசிச் சிற்றுண்ணிகளை முதலில் சந்தேகப்படுவேன். உங்களுக்கு நடுவில் நல்ல மாதங்கள் இருப்பதால் அது மட்டுமே காரணமாக இருக்காது.

ஒரு சின்ன விலகல். இந்த நோய்க்கு இங்கிலாந்தில் வைத்த பெயர் 'ஹே ஃபீவர்', அதாவது வைக்கோல் காய்ச்சல். வைக்கோலும் காரணமில்லை, காய்ச்சலும் கிடையாது. 1819-இல் ஜான் பாஸ்டாக் என்ற மருத்துவர் கோடைதோறும் தனக்கே வரும் தொல்லையை எழுதி வைத்தார், காரணம் மட்டும் பிடிபடவில்லை. மான்செஸ்டரில் சார்லஸ் பிளாக்லி தன் மூக்கிலேயே மகரந்தத்தை ஏற்றிப் பார்த்தார். பசை தடவிய கண்ணாடித் துண்டைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு, உயரத்திலும் மகரந்தம் மிதப்பதைக் காட்டினார். 1873-இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். எதிரே தெரிகிற பூவை விட்டுவிட்டுக் காற்றைப் பார்க்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்த சங்கதி.

சரி, நிவாரணம். இத்தனை வருடமாக நான் பார்த்துப் பார்த்து அலுத்தது ஒன்று உண்டு. இந்த நோயில் மக்கள் பயப்பட வேண்டாத மருந்துக்குப் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

அலமாரியில் இருக்கும் ஸ்ப்ரேயை எடுங்கள். அது ஃப்ளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோனாக இருக்கும். மூக்கடைப்போடு வாரக்கணக்கில் நீளும் ஒவ்வாமைக்கு இன்று கையில் இருப்பதில் நன்றாக வேலை செய்யும் மருந்து இந்த வகைதான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. மேலே சொன்ன இரண்டு அலைகளையும் இது தணிக்கும், கண் அரிப்பும் பலருக்குக் குறையும். ஒரு முறை அடிப்பதில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கிலான அளவு. மூக்கிலிருந்து ரத்தத்தில் போய்ச் சேருவது மிகச் சொற்பம். ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கி முகம் வீங்கிய உறவினரை நினைத்துத்தான் பயப்படுகிறீர்கள். அதுவும் இதுவும் பெயரால் பங்காளிகள், அளவால் இல்லை. தொந்தரவு என்று வருவது மூக்கு வறட்சி, எப்போதாவது லேசான ரத்தக் கசிவு. கண்ணில் நீர் அழுத்தமோ புரையோ இருப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். குழந்தைகளுக்கு மாதக்கணக்கில் கொடுத்தால் உயரத்தை அளந்து பார்த்துக்கொள்வோம்.

இந்த ஸ்ப்ரே 'வேலை செய்யவில்லை' என்று வருகிறவர்களை என் முன்னாலேயே அடித்துக் காட்டச் சொல்வேன். பத்தில் எட்டுப் பேர் தலையை அண்ணாந்து, குழாயை நடுச் சுவரை நோக்கிச் செருகி, பலமாக உறிஞ்சுவார்கள். மருந்து நேரே தொண்டைக்குப் போய்விடும். சரியான முறை இது: மூக்கைச் சிந்துங்கள். புட்டியைக் குலுக்குங்கள். புதுப் புட்டி என்றால் மெல்லிய புகைமாதிரி வரும்வரை காற்றில் சில முறை அழுத்துங்கள். தலையைக் கொஞ்சம் குனியுங்கள், தரையில் எதையோ பார்ப்பதுபோல. இடது துளைக்கு வலது கை, வலது துளைக்கு இடது கை. குழாயின் நுனி அந்தப் பக்கத்துக் காதை நோக்கி இருக்கட்டும், நடுச் சுவரைத் தொட வேண்டாம், ரத்தம் வருவது அங்கிருந்துதான். அழுத்தும்போது பூவை முகர்கிற மாதிரி மெதுவாக இழுத்தால் போதும். சில ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரேக்களில் ரோஜா வாசனை வேறு வரும். தொண்டையில் கசந்தால் அதிகமாக உறிஞ்சிவிட்டீர்கள் என்று அர்த்தம். முக்கியமாக, இரண்டு நாள் அடித்துவிட்டு விடாதீர்கள். முழுப் பலன் தெரிய ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். வருகிற வருடம் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலேயே, முதல் தும்மலுக்கு முன்பாகவே தொடங்கி, பருவம் முடியும்வரை தினமும் அடித்தால் நிலைமை வேறு மாதிரி இருக்கும்.

மாத்திரைகள் ஹிஸ்டமினைத் தடுப்பவை. அதனால் முதல் அலையான அரிப்பு, தும்மல், ஒழுகலுக்குக் கேட்கும், அடைப்புக்கு அவ்வளவாகக் கேட்காது. உங்களுக்குத் தூக்கம் தந்தது செட்டிரிசினாக இருந்தால் இரவில் போடுங்கள், அல்லது ஃபெக்ஸோஃபெனடினுக்கு மாறுவதைப் பற்றிக் கேளுங்கள். அது தூக்கம் தருவது மிகக் குறைவு. ஆனால் ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு விழுங்கினால் உடம்பில் சேருவது குறைந்துவிடும், தண்ணீரோடுதான் போட வேண்டும். பழைய ரகமான குளோர்ஃபெனிரமின், ஃபெனிரமின் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு இந்த ஊர்ச் சாலையில் பைக் ஓட்டாதீர்கள். மான்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரை இங்கே மிட்டாய்போல விற்கிறது. சிலருக்கு மனநிலை மாற்றம், கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் வரை உண்டாக்கக்கூடும் என்பதால், 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதன் பெட்டியில் கடுமையான எச்சரிக்கை போடச் செய்தது. சாதாரண மூக்கு ஒவ்வாமைக்கு மற்ற மருந்துகள் கேட்காவிட்டால் மட்டுமே என்றும் சொன்னது. ஆஸ்துமாவுக்காக உங்கள் டாக்டர் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம், கேளுங்கள்.

பயப்பட வேண்டியது எது என்றால், ஒரு நிமிடத்தில் மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்து. ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்று போட்டிருக்கும். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் போனால் மருந்தின் வேகம் தணியும்போதெல்லாம் மூக்கு முன்பைவிட அதிகமாக அடைக்கும், அதைத் திறக்க இன்னொரு சொட்டு. வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் வந்தபோது ஒரு புட்டி சட்டைப் பையில், ஒன்று காரில், ஒன்று தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். நாலு வருடப் பழக்கம். ஒவ்வாமை எப்போதோ பின்வரிசைக்குப் போய், சொட்டு மருந்தே நோயாகிவிட்டது. ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைத் தொடங்கி, முதலில் வலது துளைக்கு மட்டும் சொட்டை நிறுத்தச் சொன்னேன். அது தானாகத் திறக்கத் தொடங்கியபின் இடது. மூன்று வாரம் என்னை மனதுக்குள் திட்டியிருப்பார். வருடத்துக்கு ஒரு ஊசி போட்டால் போதும் என்று யாராவது சொன்னாலும் தள்ளியே இருங்கள். அதில் இருப்பது உடம்பு முழுக்கப் பரவி வாரக்கணக்கில் தங்கும் ஸ்டீராய்டு. ஸ்ப்ரேயைப் பார்த்து நீங்கள் பயந்த பயமெல்லாம் நியாயமாகப் போய்ச் சேர வேண்டிய இடம் அது.

வீட்டு வைத்தியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மா போனில் சொல்லியிருப்பார். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது உண்மையிலேயே உதவும், ஒட்டியிருக்கும் மகரந்தத்தை அடித்துக்கொண்டு போகும். கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக அயோடின் சேர்க்காத உப்பு. தண்ணீர் கொதித்து ஆறியதாகத்தான் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ நேராக மூக்கில் விடாதீர்கள். கேரளத்திலிருந்து அண்மைக் காலமாகச் செய்தியில் வரும் மூளையைத் தின்னும் அமீபா நுழைவது மூக்கு வழியாகத்தான். ஆவி பிடிப்பது இதமாக இருக்கும், ஒவ்வாமையை மாற்றாது. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். தைலத்தில் உள்ள மெந்தால் மூக்கு திறந்த மாதிரி ஒரு குளுமையைத் தரும், காற்றுப் போகும் அளவை அளந்தால் மாறியிருக்காது. மஞ்சளைச் சுட்டுப் புகை பிடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், எரிச்சலில் இருக்கும் சவ்வுக்குப் புகை இன்னொரு எரிச்சல். உள்ளூர்த் தேன் சாப்பிட்டால் பழகிவிடும் என்பதற்கு நம்பும்படி ஆதாரம் இல்லை. தேனீ கொண்டுவருவது பூமரத்து மகரந்தம், உங்களைத் தும்ம வைப்பது காற்றில் வருவது. சுக்குக் காபி தாராளமாகக் குடியுங்கள், தொண்டைக்கு நல்லது.

மகரந்தத்தைத் தவிர்ப்பதில் முழு வெற்றி கிடையாது, குறைக்கலாம். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி விட்டு, உள்ளே மாஸ்க் போட்டு ஓட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் சட்டையைப் படுக்கையறையில் கழற்றிப் போடாதீர்கள், பருவத்தில் இரவில் தலைக்கு ஊற்றிவிட்டுப் படுங்கள். காலி மனையைப் பார்த்த சன்னல் காலையில் மூடியிருக்கட்டும், துணியை அந்தப் பக்கம் காயப் போட வேண்டாம். மழை பெய்தால் காற்று கழுவப்பட்டு நிம்மதியாக இருக்கும். இடியோடு வரும் மழை சில நேரம் எதிர்மாறாகச் செய்யும், மகரந்தம் உடைந்து நுரையீரல் வரை போகும் துகளாகிவிடும். 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் அப்படி ஒரு மாலையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள், 10 பேர் இறந்தார்கள். அவ்வளவு பெரிய அளவில் நடப்பது அபூர்வம். ஆனாலும் நெஞ்சு இறுக்கமோ, மூச்சில் விசில் சத்தமோ, இரவில் எழுப்பும் இருமலோ உங்களுக்கு வந்தால் அது மூக்கோடு நிற்கவில்லை, ஆஸ்துமாவுக்குப் பார்க்க வேண்டும். ஒரே பக்கம் மட்டும் அடைப்பு, ரத்தம் கலந்த சளி, துர்நாற்றம், முகத்தில் ஒரு பக்க வலி இவையும் ஒவ்வாமைக் கணக்கில் வராதவை, நேரில் காட்டுங்கள்.

காலம் பூராவுமா என்ற கேள்விக்கு: வருடம் முழுக்கத் தேவையில்லை, உங்கள் மாதங்களில் மட்டும். அதுவும் சரிப்படாவிட்டால் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை செய்யலாம். அதற்கு ஒரு வாரம் முன்பே ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரையை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் எதுவும் தடிக்காது. பரிசோதனையில் தடித்தது எல்லாம் உங்கள் எதிரி என்றும் ஆகாது, அறிகுறி வரும் மாதத்தோடு பொருந்த வேண்டும். கத்தரிக்காய் முதல் கோதுமை வரை நூறு பொருளுக்கு ரத்தத்தில் பார்த்துப் பட்டியல் கொடுக்கிறார்களே, அதைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்து இளைத்துப் போனவர்கள் உண்டு, உங்களுக்கு அது வேண்டாம். காரணம் உறுதியானால் அதே மகரந்தச் சாற்றை ஊசியாகவோ நாக்கின் அடியிலோ கொடுத்துப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. 1911-இல் லண்டனில் லெனார்ட் நூன் புல் மகரந்தத்தை வைத்துத் தொடங்கிய வழி அது. மூன்று முதல் ஐந்து வருடம் விடாமல் எடுக்க வேண்டும், நிறுத்திய பிறகும் பலன் சில வருடம் நிற்கும். எல்லோருக்கும் கேட்காது. சாற்றின் தரமும் கொடுப்பவரின் அனுபவமும் பெரிய வித்தியாசம் உண்டாக்கும். ஒவ்வோர் ஊசிக்குப் பிறகும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைக்காத இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு இப்போதே அது தேவை என்று எனக்குத் தோன்றவில்லை, ஒரு பருவம் ஸ்ப்ரேயை ஒழுங்காக அடித்துப் பார்த்துவிட்டு யோசிக்கலாம். அதுவரை எந்தத் தேதியில் தும்மல் தொடங்கியது, அன்று எங்கே போனீர்கள் என்று போனிலேயே குறித்து வாருங்கள். டாக்டருக்கு எந்தப் பரிசோதனைச் சீட்டைவிடவும் அது உதவும்.

வீட்டுக்காரரிடம் மரத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். வெட்டக் கூப்பிட்ட ஆளையே பக்கத்து மனைக்கு அனுப்பினால் புண்ணியம். மழை ஈரம் இருக்கும்போது, பார்த்தீனியம் பூ வைப்பதற்கு முன்னால், கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். நீங்கள் உதவிக்கு இறங்க வேண்டாம், அன்றைக்கு அந்தப் பக்கத்துச் சன்னலையும் சாத்தி வையுங்கள்.